வண்டிமாடு கதை சொன்னால் அதற்கு என்னென்ன தெரிந்திருக்கலாம்?

மேழி:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வண்டிமாடே தன் வாழ்க்கையைச் சொல்வதாகக் குறுநாவல் ஒன்றை எழுதி வருகிறேன். 1960களின் கொங்குச் சிற்றூர் ஒன்றும் சுற்றுப்பட்டு மாட்டுச் சந்தைகளும் களம். கன்றுப் பருவம், காயடிப்பு, மூக்கணாங்கயிறு, நுகத்தில் பழக்குதல், பிறகு கைமாறிக் கைமாறிப் போவது என்று கதை நகர்கிறது. சந்தை அத்தியாயத்துக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது.

தரகர் விற்பவரின் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு, விரல்களை அழுத்தியே விலை பேசுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கும் மனிதர்களுக்கே தெரியாத அந்தப் பேரத்தை, பேரத்தின் பொருளாக நிற்கும் மாடு எப்படிச் சொல்வது? அதற்கு விலை தெரியும் என்று வைத்தால் மாட்டுத் தோல் போர்த்திய மனிதராகிவிடுகிறது. எதுவுமே தெரியாது என்று வைத்தால் இரண்டு கைகள் ஒரு துணிக்குள் அசைந்தன என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. விலங்குகளுக்கு மனித மனத்தைக் கொடுத்து எழுதியவர்கள் இந்த எல்லையை எங்கே போட்டார்கள் என்பதை வாசித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கமலம்:

மேழி தம்பிக்கு, டால்ஸ்டாயின் 'ஹோல்ஸ்டோமர்' உங்கள் கதைக்கு மிக நெருங்கிய உறவு. 1886இல் வெளிவந்த அந்த நெடுங்கதையில், காயடிக்கப்பட்ட கிழக் குதிரை ஒன்று மந்தையிலுள்ள மற்றக் குதிரைகளுக்கு இரவு இரவாகத் தன் கதையைச் சொல்கிறது. அதற்கு மனிதரின் பேச்சு விளங்குகிறது, மனிதரை எடைபோடவும் தெரிகிறது. ஆனால் ஒருவர் 'என்னுடைய குதிரை' என்று சொல்வது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் அதற்குப் பிடிபடுவதில்லை. தன்மேல் ஒருநாளும் ஏறாதவர், தனக்குத் தீனி வைக்காதவர், எந்த உரிமையில் தன்னை என்னுடையது என்கிறார் என்று அது குழம்புகிறது. நிலத்தையும் காற்றையும் நீரையும்கூட மனிதர்கள் அப்படிச் சொல்லிக்கொள்வதைக் கண்டு மேலும் குழம்புகிறது. டால்ஸ்டாய் அந்தக் குதிரைக்கு ஏறக்குறைய முழு மனித அறிவையும் கொடுத்துவிட்டு, உடைமை என்ற ஒரே எண்ணத்தை மட்டும் பிடுங்கிவைத்துக்கொண்டார். கதையின் வலிமை முழுவதும் அந்த ஒரு இல்லாமையிலிருந்து வருகிறது. ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழகிப்போனதைப் புதிதாகக் காணச்செய்வதே கலையின் வேலை என்று வாதிடும்போது இந்தக் கதையைத்தான் சான்றாக எடுத்துக்கொண்டார்.

அன்னா ஸூவெலின் 'பிளாக் பியூட்டி' (1877) இதற்கு நேர்மாறானது. இளவயதில் கால் ஊனமுற்று, வெளியே போவதற்குக் குதிரை வண்டியையே நம்பியிருந்த அந்த அம்மையார், குதிரைகளை நடத்தும் விதம் மாற வேண்டும் என்பதற்காகவே எழுதினார். ஆகவே அவருடைய குதிரைக்கு நல்லவர் யார், கெட்டவர் யார், மது குடிப்பதால் குடும்பம் எப்படிக் கெடும் என்பதெல்லாம் தெரியும். சொல்லப்போனால் அது நல்லொழுக்கமுள்ள விக்டோரியக் காலத்து வேலைக்காரர். அப்படியிருந்தும், தலையை நிமிர்த்தியே வைத்திருப்பதற்காகப் பூட்டப்படும் கடிவாள வாரினால் மேட்டில் இழுக்கும்போது கழுத்தை முன்னே தாழ்த்த முடியாமல் மூச்சு முட்டுவதை அது சொல்லும் பக்கங்களை இன்றைக்கும் எளிதில் கடக்க முடியாது. அந்த வாருக்கு எதிரான இயக்கத்துக்கு நாவல் பெரிய ஆதரவாக அமைந்தது. உபதேசம் செய்யும் பக்கங்கள் எனக்கு மறந்துவிட்டன, கழுத்து வலி மறக்கவில்லை.

வெண்காக்கை:

அக்கா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்த இழை தவறான திசையில் போகிறதோ என்று அஞ்சுகிறேன். விலங்கின் மனத்தை உள்ளபடி காட்டுவதுதான் இவ்வகைப் புனைவின் நோக்கம் என்று யார் சொன்னது? செர்வாண்டெஸ் 1613இல் வெளியிட்ட கதையொன்றில், ஸ்பெயினின் வயாதோலித் நகரத்து மருத்துவமனையில் இரண்டு நாய்களுக்கு ஓர் இரவு பேச்சு வாய்க்கிறது. அவற்றுள் ஒன்று தான் வேலைபார்த்த எசமானர்களின் திருட்டையும் பாசாங்கையும் விடிய விடியச் சொல்கிறது. நாய் என்பது அங்கே ஒரு வேடம். எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய, யாரும் பொருட்படுத்தாத ஒரு சாட்சி. நத்சுமே சொசெகி 1905 முதல் தொடராக எழுதிய நாவலின் பெயரில்லாத பூனையும் அப்படித்தான்: ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானின் மெய்ஜிக் காலத்து அறிவாளிகளின் வெட்டிப் பேச்சைக் கேலி செய்கிறது. பூனைக்கு எப்படித் தத்துவம் தெரியும் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை.

நம்மிடம் பெருமாள்முருகனின் 'பூனாச்சி' இருக்கிறது. 2015இல் எழுதுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தவர், 2016இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்து எழுதிய நாவல் ஒரு வெள்ளாட்டின் கதையாக அமைந்தது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது, தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் அச்சமாக இருக்கிறது, மாட்டையும் பன்றியையும் எழுதக்கூடாது, ஆகவே எஞ்சியது ஆடுதான் என்ற பொருளில் அதன் முன்னுரை பேசுகிறது. அதில் குட்டிகளுக்குக் காதுகுத்திப் பதிவு செய்யும் அரசாங்கம் வருகிறது. அந்தக் காட்சியில் ஆட்டின் கண் எத்தனை பாகை பார்க்கும் என்று ஆராய்ந்தால் நாவலைத் தவறவிடுவோம். பஞ்சதந்திரத்துக் கரடகனும் தமனகனும் நரியைப் போல மோப்பம் பிடித்துக்கொண்டா அரசியல் செய்தார்கள்? மேழி, உங்கள் மாட்டுக்கு விலை தெரியட்டும். தெரிந்துகொண்டே அது வாய்மூடி நிற்பதுதான் அங்கே நாடகம்.

புல்வெளி:

நான் கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இலக்கிய வாதத்துக்குள் நுழையும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாது. ஆனாலும் பஞ்சதந்திரத்தில் விலங்கின் உடல் இல்லை என்று வெண்காக்கை சொன்னதை மறுக்க வேண்டும். முதல் தந்திரமே தண்ணீர் குடிக்கப் போன சிங்கம், அதுவரை கேட்டறியாத எருதின் முழக்கத்தைக் கேட்டுத் திகைத்து நிற்பதில்தான் தொடங்குகிறது. காகங்களும் கோட்டான்களும் மோதும் மூன்றாம் தந்திரம் இன்னும் தெளிவு. பகலில் கோட்டானுக்குக் கண் தெரியாது என்று அன்றைய மக்கள் நம்பியதுதான் அந்தப் போரின் அச்சாணி; காகங்கள் பகல் நேரம் பார்த்துத்தான் குகையில் தீ மூட்டுகின்றன. 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்று வள்ளுவர் காலமறிதலைத் தொடங்குவதும் அந்தக் கண்ணை வைத்துத்தான். (கோட்டானுக்குப் பகலில் முற்றிலும் கண் தெரியாது என்பது உண்மையில்லை. அது வேறு பேச்சு.) அமைச்சர்களைப் போலப் பேசினாலும், தோற்பது உடலால்தான்.

மேழி அவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். மாட்டின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கிறது. நேர்பின்னால் இருப்பதும் மூக்குக்கு மிக அருகில் இருப்பதும் மட்டுமே தெரியாது. அந்தப் பரந்த பார்வையில் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் திறன் குறைவு. தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, தேங்கிய நீரின் மினுமினுப்பு ஆகியவற்றின் முன் மாடு திடீரென்று நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பைத் தனி நிறமாகப் பிரித்தறியும் வகையில் அதன் கண் அமையவில்லை. மனிதருக்கு எட்டாத கீச்சொலிகளையும் அது கேட்கும். அச்சமுற்ற மாட்டின் சிறுநீர் மணத்தை மற்ற மாடுகள் கண்டுகொண்டு தயங்குவதை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சந்தை என்பது, யோசித்துப் பாருங்கள், அப்படிப்பட்ட மணங்கள் நிறைந்த இடம். உங்கள் கதைசொல்லி சந்தைக்குள் நுழையும்போது மனிதக் கதைசொல்லியைப் போலக் கூட்டத்தையும் கடைகளையும் முதலில் சொல்லக்கூடாது.

இன்னொன்று. 1904 வாக்கில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெரும் பேச்சு எழுந்தது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாக ஆராய்ந்து 1907இல் எழுதினார்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும், அவர் அறியாமலே, மிகச் சிறிதளவு அசைகின்றன. குதிரை அந்த அசைவைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்கு வராது என்று ஊர் சிரித்தது. எனக்கு அதில் வியப்பாகத் தெரிவது வேறு. அறை நிறைய அறிஞர்கள் இருந்தும் ஒருவர் கண்ணுக்கும் படாத அசைவு ஒரு குதிரையின் கண்ணுக்குப் பட்டது.

மேழி:

ஐயா, மிக்க நன்றி. துண்டுக் காட்சியை இப்போது வேறுவிதமாகப் பார்க்க முடிகிறது. ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்; தயக்கத்தோடு இங்கே வைக்கிறேன்.

"துணி ஒன்று என் முகத்தருகே தொங்கியது. அதற்குள் இரண்டு கைகள் போயின. ஒரு கையில் பல மாடுகளின் கழுத்து மணம் இருந்தது. மற்றது விடியலில் எனக்குப் பருத்திக்கொட்டை வைத்த கை. துணி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. சுற்றி நின்றவர்கள் துணியைப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பார்த்தேன். வண்டி மேட்டில் ஏறிச் சமதளத்துக்கு வரும்போது என் கழுத்தில் நுகம் ஒரு கணம் கனமிழக்கும். அவர் தோள் அப்படி இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் தலையசைத்தார். கயிறு கைமாறியது."

வெண்காக்கை:

நன்றாக இருக்கிறது, மறைக்கவில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் மறைப்பதற்காகப் போட்ட துண்டு மாட்டிடம் எதையும் மறைக்கவில்லை என்ற திருப்பம் நான் சொன்ன வழியில் கிடைத்திருக்காது. இருந்தாலும் ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு கூர்மையாக ஒப்பிட்டுச் சொல்லும் மாட்டுக்கு விலை என்ற ஒன்று மட்டும் தெரியாது என்பது ஆசிரியரின் விருப்பத் தேர்வுதானே? தமிழில் வாக்கியம் அமைக்கத் தெரிந்தபோதே அது மாடாக இருப்பதை விட்டுவிட்டது.

செங்கமலம்:

தேர்வுதான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழி வந்ததுமே விலங்கு போய்விடுகிறது என்ற உங்கள் வாதத்தைக் காஃப்கா 1917இலேயே கதையாக்கிவிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் பிடிபட்டுக் கப்பலில் கூண்டுக்குள் கொண்டுவரப்பட்ட குரங்கு, தப்பிக்க ஏதேனும் வழி வேண்டுமே என்று மனிதரைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பேசவும் கற்று, கடைசியில் ஓர் அறிஞர் அவையின் முன் நின்று அறிக்கை வாசிக்கிறது. அவை கேட்டது அதன் குரங்கு வாழ்க்கையைப் பற்றி. அது தருவதோ மனிதரான கதை. அந்தப் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போகும் வாசல் தனக்கு அடைபட்டுவிட்டது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இந்தச் சிக்கலிலிருந்து யாரும் முழுமையாகத் தப்ப முடியாது. ஆனால் எந்த இடத்தில் அறியாமையை வைப்பது என்று முடிவுசெய்து, அந்த முடிவைக் கடைசிப் பக்கம் வரை மீறாமல் இருப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

இளவேனில்:

வணக்கம், இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மீறாமல் இருப்பது என்று அக்கா சொன்னதும் ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நினைவுக்கு வந்தது. 1972இல் வந்த அந்த நாவலின் முயல்களுக்குத் தெய்வக் கதைகள் உண்டு, கவிதை உண்டு, சர்வாதிகாரிகூட உண்டு. ஆனால் நான்குக்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்கு மேற்பட்டதெல்லாம் அவற்றுக்குப் பல என்பதுதான். ரொனால்ட் லாக்லி என்ற இயற்கையியலாளர் 1964இல் முயல்களைப் பற்றி எழுதிய நூலை ஆடம்ஸ் ஆதாரமாகக் கொண்டார். நெரிசல் மிகுந்த வளையில் பெண்முயல்களின் கரு வளராமல் உடலுக்குள்ளேயே கரைந்துபோவதை நாவலில் படித்தபோது கற்பனை என்று நினைத்தேன். முயல்களிடம் உண்மையிலேயே அப்படி நடக்கும் என்று பிறகு அறிந்தேன்.

என்னை உறுத்தும் கேள்வி வேறு. புனைவு என்று சொல்லி எழுதினால் சரி. உண்மை என்று சொல்லி எழுதினால்? அமெரிக்காவில் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1898இல் ஓநாய், காகம், முயல் முதலியவற்றின் கதைகளை இவை உண்மைக் கதைகள் என்ற அறிவிப்போடு வெளியிட்டார். வில்லியம் லாங் என்பவரோ, காட்டுப் பறவையொன்று தன் முறிந்த காலுக்குத் தானே களிமண்ணால் கட்டுப் போட்டுக்கொண்டதாக எழுதினார். ஜான் பரோஸ் என்ற மூத்த இயற்கையியலாளர் 1903இல் இவர்களைப் போலிகள் என்று தாக்கினார். அந்தச் சண்டை குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே 1907இல் களத்தில் இறங்கும் அளவுக்குப் போனது. ஜாக் லண்டன்மீதும் குற்றச்சாட்டு விழுந்தது. அவர் தந்த பதில் சுவையானது: விலங்குகளை மனிதராக்கும் போக்குக்கு எதிராகவே தான் நாய்க் கதைகளை எழுதியதாகவும், நாய் இவற்றையெல்லாம் யோசிக்கவில்லை, செய்தது மட்டுமே என்று கதையின் ஓட்டம் தடைபட்டாலும் பரவாயில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியதாகவும் சொன்னார். ஆசிரியர் இப்படி இடையில் புகுந்து சொல்வது தேவையா? மேழி அண்ணன் மாட்டையே பேசவைத்திருப்பதால் அந்த வசதியும் அவருக்கு இல்லை.

புல்வெளி:

இளவேனில் சொன்ன களிமண் கட்டுக் கதையைப் பற்றி ஒரு சொல். அவ்வகைக் கதைகளில் விலங்குக்கு இழைக்கப்படும் அநீதி, அதற்கு அதிக அறிவு கொடுத்தது மட்டுமில்லை. நம்மிடம் உள்ள அறிவைத்தான் அறிவென்று எண்ணி, அதையே கொடுத்தது. தன் பாட்டில் அந்தப் பறவை செய்யும் எத்தனையோ நுட்பமான செயல்கள் நம் மருத்துவமனையை ஒத்திராததால் கதைக்குள் வராமலே போய்விடுகின்றன.

மேழி, உங்கள் பத்தியில் நுகம் கனமிழப்பதை வைத்துத் தோள் இறங்கியதைச் சொன்னது பொருத்தம். மாட்டின் உவமைகள் மாடு பட்டதிலிருந்துதான் வர வேண்டும். 'சுற்றி நின்றவர்கள் துணியைப் பார்த்தார்கள்' என்ற வரி மட்டும் ஐயத்துக்குரியது. மனிதர் எங்கே பார்க்கிறார் என்பதை மாடு ஓரளவு கவனிக்கும். ஆனால் சந்தையில் அதன் கவனம் தன்னை நோக்கி வரும் கைகளிலும் பக்கத்து மாட்டிலும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், வாலை முறுக்கி நடக்கவிடுவார்கள். சுழி பார்க்கும் விரல் முதுகில் நகர்வதை மாடு ஈயை உதறுவதைப் போலத் தோலைச் சிலிர்த்துத்தான் சந்திக்கும். இராசியான சுழியா இல்லையா என்ற மனிதக் கவலை அதற்கு எட்டாது. எட்டாமலே அதன் விலை பாதியாகக் குறையலாம். இதைச் சொல்ல மாட்டுக்குச் சாத்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதுகில் ஊர்ந்த விரல் ஒரே இடத்தில் நின்றது என்று அது சொன்னால் போதும், மீதி நம் வாசகருக்குத் தெரியும்.

மேழி:

ஐயா, அந்த வரியை எடுத்துவிடுகிறேன். சுழியை நான் நினைக்கவே இல்லை, கட்டாயம் சேர்க்கிறேன். அடுத்து, காயடிப்பு அத்தியாயம். ஹோல்ஸ்டோமர் காயடிக்கப்பட்ட பிறகுதான் உலகைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறது என்று நினைவு. என் மாடும் இழந்ததை எண்ணி வருந்துவதாக எழுதியிருக்கிறேன். அது தகுமா?

செங்கமலம்:

உங்கள் நினைவு சரி. முன்பு தன்னை ஈர்த்தவை எல்லாம் பொருளற்றுப்போய், தனக்குள் ஒடுங்கி யோசிக்கும் பிராணியாக அது மாறுகிறது. அது டால்ஸ்டாய்க்குத் தேவைப்பட்ட துறவு. உங்கள் கதைக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

புல்வெளி:

பெரும்பாலும் இளவயதிலேயே செய்துவிடுவார்கள். பழைய முறையில் கிட்டி வைத்து நசுக்குவதில் வலி கடுமையானது; வலியும், செய்தவரின் மணமும், கட்டிப் போட்ட இடமும் அதன் நினைவில் தங்கலாம். எதை இழந்தோம் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. பின்னாளில் பொலிகாளை ஒன்று பக்கத்தில் நின்று செருக்கோடு மண்ணைக் கிளறும்போது, இது ஏன் இப்படிச் செய்கிறது என்று உங்கள் மாடு விளங்காமல் பார்க்கட்டும்.

வெண்காக்கை:

டாக்டர் ஐயாவே கதை எழுதத் தொடங்கிவிடுவார் போலிருக்கிறது. அந்தக் காளைக் காட்சி வருத்தத்தைவிடக் கொடியது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் மேழி, நாவல் முழுவதையும் இப்படி அறியாமையால் நிரப்பிவிடாதீர்கள். கேலி வேண்டும். 'காக்காய் பார்லிமெண்ட்' எழுதிய பாரதிக்குக் காக்கையின் விழியமைப்பைப் பற்றிக் கவலை இல்லை, நமக்கும் சிரிப்பு வராமல் இல்லை. மூன்று எசமானர்களைப் பார்த்த மாட்டுக்கு மனிதரைப் பற்றி ஓர் ஏளனமாவது மிஞ்சியிருக்கும்.

மேழி:

எசமானர்களில் ஒருவர் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்; மாடுகளே வழி தெரிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மறுநாள் அவர் சாவடியில் உட்கார்ந்து, இருட்டில் தான் வண்டி ஓட்டி வந்த திறமையைப் பற்றிப் பேசுவார். அதை மாடு கேட்கும்படி ஓர் இடம் அமைக்கலாம் என்று எண்ணுகிறேன். ஐயாவிடம் கடைசியாக ஒன்று: இணைமாடு விற்கப்பட்ட பிறகு வேறொன்றோடு பூட்டினால் இது ஏற்றுக்கொள்ளுமா?

புல்வெளி:

இடத்து மாடாகப் பழகியதை வலப்பக்கம் பூட்டினால் முரண்டு பிடிக்கும். பக்கத்தை மாற்றாமல் புதிய இணையைச் சேர்த்தால் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மாடுகள் ஒன்றையொன்று தனித்தனியே அடையாளம் கண்டுகொள்பவை. ஆகவே முதல் சில நாள் நடை ஒத்துவராது, நுகம் ஒருபக்கம் சாயும், புதியதைக் கொம்பால் ஒதுக்கும். பழைய இணை நின்ற கொட்டகையில் அதன் மணம் எத்தனை நாள் தங்கும் என்று கேட்பீர்கள். தரை மண்ணா கல்லா, மழை பெய்ததா என்பதைப் பொறுத்தது. அத்தியாயம் எந்த மாதத்தில் நடக்கிறது என்று சொல்லுங்கள், யோசித்து எழுதுகிறேன்.